வீட்டினுள் செடிச்சுவர்: செடிகளைத் தெரிந்தெடுத்தலும் அடுக்குதலும் பற்றி ஓர் அபிப்பிராயம்

பட்டணங்களில் புதிதாகக் கட்டப்படும் ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகள், துணிக்கடைகள் முதலியவற்றின் முன்கூடத்தில், தரையிலிருந்து கூரை வரையில் செடிகளே நிறைந்து நிற்கும் சுவரை அநேகர் கண்டிருப்பர். இதனைச் செடிச்சுவர் என்றும் பசுஞ்சுவர் என்றும் வழங்குகின்றனர். வசதியுள்ள நிலச்சுவான்தார்கள் கட்டும் புது வீடுகளிலும், கிராமத்துப் பொதுக் கட்டிடங்களிலுங்கூட இவ்விதமான சுவர் ஒன்று வேண்டும் என்னும் ஆசை இப்பொழுது பரவி வருகின்றது. கலியாண மண்டபங்களில் காணப்படுபவற்றுள் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றைப் பற்றி இங்குப் பேச்சில்லை. உயிருள்ள செடிகளைக் கொண்டு அமைப்பதைப் பற்றியே இங்கே ஆராயப்படுகின்றது.

ஆசை குற்றமன்று. கண்ணுக்கு இதமாகவும், கோடையில் கூடத்துக்கு ஒரு குளிர்ச்சியாகவும் இருக்கக்கூடிய பொருளை விரும்புவது இயற்கையே. ஆனால் பணத்தைச் செலவிட்டு அமைத்த சுவர் இரண்டொரு மாதங்களுக்குள் பழுப்பேறி, இலை உதிர்ந்து, வெறும் கறுப்புப் பைகளாகத் தொங்குவதை எங்கும் காணலாம். தண்ணீர் விட ஆளில்லாமற் போனதே இதற்குக் காரணம் என்று பலர் கூறுவர். சில இடங்களில் அது உண்மையே. ஆயினும் பெரும்பாலான சுவர்களின் தலையெழுத்து, தண்ணீர் விடுகிறவன் வருவதற்கு முன்பே, செடிகளைத் தெரிந்தெடுத்த நாளிலேயே எழுதப்பட்டு விடுகின்றது. வாங்குவோர் செடியைக் கண்ணால் தெரிந்தெடுக்கின்றனர். செடியோ வெளிச்சத்தால் பிழைக்கின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அறியாமையே நஷ்டத்துக்கெல்லாம் மூலம்.

இதன் தோற்றம்

செடிச்சுவர் நேற்று உண்டான புதுமையன்று. அமெரிக்காவில் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய ஸ்டான்லி ஹார்ட் வைட் என்பவர், செடி தாங்கும் சுவரமைப்பு ஒன்றுக்கு 1938-ஆம் ஆண்டிலேயே பேடெண்டு உரிமை பெற்றார். பின்னர் அது அதிகமாகப் பரவவில்லை. பிரான்சு தேசத்துத் தாவர சாஸ்திரியாகிய பாட்ரிக் பிளாங்க் என்பவரே அதனை உலகறியச் செய்தவர். வெப்ப தேசத்துக் காடுகளில், பெருமரங்களின் அடியில், ஈரப்பாறைகளின் மேல் மண்ணே இல்லாமல் வேர்பற்றி வாழும் செடிகளை அவர் கவனித்தார். செடிக்கு மண் இன்றியமையாததன்று. நீரும், நீரிற் கரைந்த உப்புச்சத்துக்களும், காற்றும், வெளிச்சமும் இருந்தால் போதும் என்பதைக் கண்டு, இரும்புச் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் பலகையும், அதன்மேல் கம்பளித்துணி போன்ற ஈரந்தாங்கும் துணியும் அமைத்து, துணியில் கீறலிட்டுச் செடிகளைச் செருகும் முறையைக் கைக்கொண்டார். பாரிஸ் நகரத்தில் 2001-ஆம் ஆண்டில் ஓர் ஓட்டலின் உள்முற்றத்திலும், பின்னர் கே பிரான்லி அருங்காட்சிச் சாலையின் வெளிப்புறத்திலும் அவர் அமைத்த சுவர்கள் பெரும்புகழ் பெற்றன.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அவர் முதலில் காட்டில் நிழலையும் ஈரத்தையும் அளந்தறிந்தார். அதற்குப் பின்னரே செடியைச் சுவருக்குக் கொண்டுவந்தார். அவருடைய சுவரைப் படத்தில் கண்டு ஆசைப்படுவோர், முடிவை மாத்திரம் எடுத்துக்கொண்டு முதலை விட்டுவிடுகின்றனர்.

கொடிக்கால் கற்பிக்கும் பாடம்

இந்த வித்தையைக் கற்பதற்குத் தமிழ்நாட்டு விவசாயி பாரிஸ் நகரத்துக்குப் போக வேண்டுவதில்லை. வெற்றிலைக் கொடிக்கால் வைப்பவர் இதனைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். அவர் முதலில் அகத்தியை விதைக்கின்றார். அகத்தி வளர்ந்து நிழல் தந்த பின்னரே விதைக்கொடியை நடுகின்றார். நிழல் மிகுந்தால் அகத்தியின் கிளையைக் கழிக்கின்றார். வேர் அழுகாதபடியும், நிலம் காயாதபடியும், சிறுகச் சிறுக அடிக்கடி நீர் பாய்ச்சுகின்றார். கொடி உயர்ந்து அடிப்பாகம் மொட்டையானதும், அதனை இறக்கிக் கட்டிப் புதுப்பிக்கின்றார்.

நிழல் முதலில், செடி பின்னர். நீர் அளவாக, அடிக்கடி. மூத்த கொடியைப் புதுப்பித்தல்: இந்த மூன்றும் செடிச்சுவருக்கும் சட்டமாகும். கொடிக்காலில் ஒரு நாளும் தவறாத இந்த ஒழுங்கு, பட்டணத்துச் சுவரில் முதல் நாளிலேயே தவறிவிடுகின்றது.

வெளிச்சத்தை அறியும் வகை

வெட்டவெளியில் உச்சிவேளையில் விழும் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் அளவுள்ளது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் வசதியாக விளக்கிடப்பட்ட அலுவலக மேசையின்மேல் விழுவதோ 300 முதல் 500 லக்ஸ் வரையில்தான். அதாவது, வெளியே உள்ளதில் இருநூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மனிதனுடைய கண்மணி இருட்டில் விரிந்தும் வெயிலில் சுருங்கியும் கொடுப்பதால், இவ்வளவு பெரிய வேற்றுமையும் அவனுக்குத் தெரிவதில்லை. கூடம் நல்ல வெளிச்சமாக இருக்கின்றது என்று அவன் மனமாரச் சொல்லும் இடத்தில் செடி பட்டினி கிடக்கின்றது.

நிழலில் வாழும் இலைச்செடிகளுங்கூட நன்றாக வளர்வதற்கு 1,000 லக்ஸ் அளவாவது நாள்தோறும் பல மணி நேரம் கிடைத்தல் நலம். 500-க்குக் குறைந்தால் அவற்றுட் பெரும்பாலானவை உயிரோடிருக்குமேயன்றிச் செழிக்கமாட்டா. இதனை அளப்பதற்குக் கைப்பேசியிலேயே வசதி உண்டு. அதுவும் வேண்டாமெனில், பகல் பத்து மணிக்குச் சுவர் அமைய வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பிடித்து, அதற்கு ஓர் அடி முன்னே கையை நீட்டிப் பார்க்கலாம். விரல்கள் தனித்தனியே தெரியும்படி நிழல் விழுந்தால் வெளிச்சம் நன்று. கையின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழாவிட்டால் அவ்விடத்தில் விளக்கின் உதவியின்றிச் செடி வைத்தல் வீண். சன்னலை விட்டு உள்ளே போகப் போக வெளிச்சம் மிக விரைவாகக் குறையும். ஆதலால் சுவரின் இரு கோடிகளிலும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

வெளிச்சம் போதாத இடத்தில், சன்னலுக்குத் துணையாக 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குகள் இரண்டை நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியவிட்டால், மாதத்துக்கு 14 யூனிட்டுக்குச் சிறிது மேற்பட்ட மின்சாரம் செலவாகும். இது பெருஞ்செலவன்று; ஆனால் மாதந்தோறும் வரும் செலவு. சுவர் அமைக்கும் கணக்கில் இதனைச் சேர்க்காதவன் பின்னர் விளக்கை அணைத்துவிடுவான். செடியும் உடனே நலியத் தொடங்கும்.

தெரிந்தெடுக்கத் தக்கவை

மணிபிளாண்ட் என்று வழங்கும் கொடி எல்லோரும் அறிந்ததே. பசிபிக் சமுத்திரத்தில் உள்ள மூரியா என்னும் தீவு இதன் தாயகம். இதனால் செல்வம் பெருகும் என்னும் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு கணுவுள்ள துண்டிலிருந்தே வேர்விட்டுப் பெருகுவதால், இதனை விற்போருக்குக் காசு வருவது மெய்தான். மங்கலான வெளிச்சத்தையும், ஒரு வேளை நீர் தவறினாலும் அதனையும் பொறுத்துக்கொள்ளும். அம்புபோன்ற இலையுடைய சிங்கோனியமும், இதயவடிவ இலையுடைய ஃபிலோடென்ட்ரான் கொடியும் இதற்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்கவை.

வறட்சியைத் தாங்குவதில் மருளுக்கு நிகரானவை சில. இது சோழமண்டலக் கரையில் தானே வளரும் செடி. இதன் நாரை நம் முன்னோர் வில்லுக்கு நாணாகப் பயன்படுத்தினர். அயல்நாட்டிலிருந்து வந்த இதன் இனத்துச் செடிகளே பட்டணத்துக் கடைகளில் விலைக்கு விற்கப்படுகின்றன. தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிலந்திச்செடி கிழங்குபோன்ற வேரில் நீரைச் சேமிப்பதால் அதுவும் காய்ச்சலைத் தாங்கும். ஈரம் விரும்புவனவற்றுள் பெரணி வகைகளும், வெண்பூப் பூக்கும் ஸ்பாத்திஃபில்லமும் சிறந்தவை. அக்லோனிமா மிகக் குறைந்த வெளிச்சத்திலும் நிலைக்கும்.

சன்னலை அடுத்து நல்ல வெளிச்சமும், நேர்வெயில் இன்மையும் உள்ள இடத்தில் வெற்றிலையையும் மிளகுக் கொடியையும் வைக்கலாம். வெற்றிலை அங்கே வீட்டுக்கு வேண்டிய இலையைத் தரக்கூடும். மிளகு அழகுக்கு உதவுமேயன்றி, வீட்டினுள் காய்ப்பை எதிர்பார்த்தல் ஆகாது. இதனை முன்னரே சொல்லிவிடுதல் நேர்மை.

விலக்கத் தக்கவை

குரோட்டன், கோலியஸ் முதலிய பலநிற இலைச்செடிகளே படத்தில் மிக அழகாகத் தோன்றுவன. ஆதலால் வாங்குவோர் முதலில் கைநீட்டிக் காட்டுவதும் இவற்றையே. இவற்றின் நிறம் வெயிலால் உண்டாவது. உள்ளே கொண்டுவந்தால் நிறம் மங்கி, இலை உதிர்ந்து போகும். துளசி, ரோஜா, மல்லிகை, செவ்வந்தி, கற்பூரவல்லி ஆகியனவும் வெயிலை நாடுபவை. துளசியை வீட்டின் உட்சுவரில் பதிப்பதைவிட மாடத்திலும் முற்றத்திலும் வைத்த பெரியோர் செய்கையே சரியானது.

டிஃபென்பாக்கியா என்னும் செடியைக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைத்தலே கூடாது. அதனைக் கடித்தால் அதிலுள்ள ஊசிபோன்ற படிகங்கள் வாயிலும் நாக்கிலும் குத்தி எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கும். மணிபிளாண்ட், சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான், ஸ்பாத்திஃபில்லம், அக்லோனிமா இவற்றிலும் அப்படிகங்கள் உள்ளன. ஆதலால் பள்ளிக்கூடம், அங்கன்வாடி முதலிய இடங்களில் கீழ் இரண்டு வரிசைகளில் பெரணி, சிலந்திச்செடி இவற்றையே வைத்து, ஏனையவற்றைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது உசிதம். கழித்த கொடிகளை ஆடு மாடுகளுக்குப் போடாமல் எருக்குழியில் இடுதல் வேண்டும்.

அடுக்கும் முறை

கிராமத்து வீட்டுக்கோ சிறிய அலுவலகத்துக்கோ துணிமுறையைவிடத் தொட்டிமுறையே சிலாக்கியமானது. துணிமுறைக்கு ஓயாத நீரோட்டமும், மோட்டாரும், தடையற்ற மின்சாரமும் வேண்டும். ஒரு நாள் மோட்டார் நின்றால் கோடையில் துணி உலர்ந்து சுவர் முழுவதும் வாடும். தொட்டிமுறையில் ஒரு செடி கெட்டால் அதனை மாத்திரம் எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம்.

6 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு சுவரை உதாரணமாகக் கொள்ளலாம். ஓர் அடிக்கு ஒரு வரிசையாக ஐந்து வரிசைகள். வரிசையில் 8 அங்குலத்துக்கு ஒரு தொட்டியாக ஒன்பது தொட்டிகள். ஆக 45 தொட்டிகள் பிடிக்கும். 6 அங்குல வாயுள்ள தொட்டி நனைந்த நிலையில் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், பாரம் ஏறக்குறைய 70 கிலோ ஆகும். இப்பாரத்தைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுதல் கூடாது. தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் தாங்கச் செய்து, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே மூன்று அங்குலமாவது காற்றோட்டத்துக்கு இடம் விடுதல் வேண்டும். இடைவெளி விடாவிட்டால் சுவரில் ஈரம் ஊறிக் காரை உதிரும். மண்சுவராயின் சுவரே கெடும்.

மேல் வரிசை சீக்கிரம் காயும்; மேலே காற்று வெப்பமானது, மின்விசிறியின் வீச்சும் அங்கே மிகுதி. மேலே விட்ட நீரின் மிகுதி கீழ் வரிசைகளுக்கு வந்து சேரும். ஆதலால் செடிகளை அழகுக்கு ஏற்ப அன்றித் தாகத்துக்கு ஏற்ப அடுக்க வேண்டும். முதல் வரிசையில் மருளும் சிலந்திச்செடியும், இரண்டாவதில் மணிபிளாண்ட், மூன்றாவதில் சிங்கோனியமும் ஃபிலோடென்ட்ரானும், நான்காவதில் ஸ்பாத்திஃபில்லமும் அக்லோனிமாவும், அடிவரிசையில் பெரணி. பள்ளிக்கூடமாயின் மேலே சொன்னபடி நான்காம் வரிசையிலும் பெரணியும் சிலந்திச்செடியுமே. இது மேலிருந்து கீழ் வரும் ஒழுங்கு. பக்கவாட்டில், சன்னலை அடுத்த கோடியில் வெற்றிலை போன்ற வெளிச்சம் நாடுவனவும், தூரக் கோடியில் மருளும் அக்லோனிமாவும் வருதல் வேண்டும்.

ஓர் இனத்தைச் சதுரங்கக் கட்டம்போல் ஒன்றுவிட்டு ஒன்றாக வைப்பதைவிட, மூன்றும் ஐந்துமாகச் சேர்த்துச் சாய்வான பட்டையாக வைத்தலே கண்ணுக்கும் நன்று, நீர் விடுவோனுக்கும் எளிது. வேகமாக ஓடும் கொடியை மாதம் ஒருமுறை கத்தரிக்காவிட்டால், அது கீழேயுள்ள மெல்லிய செடிகளை மூடிக் கொன்றுவிடும். கத்தரித்த துண்டுகளே அடுத்த நாற்றுக்கு ஆகும். நாற்பத்தைந்து செடிக்கு ஐந்து செடியாவது தாழ்வாரத்தில் சேமநாற்றாக இருக்க வேண்டும். உள்ளே நலிந்ததை வெளியே வைத்துத் தேற்றி, தேறியதை உள்ளே கொண்டுவருதல் என்று மாற்றி மாற்றிச் செய்துவந்தால் சுவர் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும்.

தொட்டியில் தோட்டத்துக் களிமண்ணை இட்டால் இறுகிவிடும். உப்பும் துவர்ப்பும் நீங்க நன்றாக ஊறவைத்து அலசிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு என்று கலந்தால் போதும்.

தண்ணீர்

விரலை ஓர் அங்குலம் ஆழத்துக்குச் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மாத்திரமே நீர் விட வேண்டும். நாள் கணக்கு வைத்து விடுவது நன்றன்று. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குறைவாகவே குடிக்கும். வீட்டினுள் தாகத்தால் இறக்கும் செடிகளைவிட வேர் அழுகி இறப்பவை மிகுதி. ஆழ்குழாய்க் கிணற்றின் உவர்நீரைத் தொடர்ந்து விட்டால் இலைநுனி கருகி, தொட்டி ஓரத்தில் வெள்ளை உப்புப் படியும். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைத் தொட்டியில் தேக்கி வைக்கும் வீட்டார் அதனையே செடிகளுக்கு விடலாம். 45 தொட்டிகளுக்கு ஒரு முறைக்கு ஏழெட்டு லிட்டர் போதுமானதால் இது அரிய காரியமன்று.

அடியிலுள்ள தட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு சுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சிறிது மேற்பட்ட காலமே பிடிக்கும். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இதனைச் செய்ய இயலாதவர் செடிச்சுவர் வையாதிருப்பதே ஊருக்குச் செய்யும் உபகாரம்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்னும் விளம்பரம்

செடிச்சுவர் விற்போர், அது அறைக்காற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சிவிடும் என்று சொல்லி விலையை ஏற்றுகின்றனர். அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையமாகிய நாசா 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றது. அப்பரிசோதனை காற்றுப் புகாத சிறு பெட்டிகளில் நடந்தது. மனிதர் வாழும் வீடு அடைத்த பெட்டியன்று. முந்திய பரிசோதனைகள் பலவற்றை ஒருங்கே ஆராய்ந்து, அமெரிக்காவில் உள்ள ட்ரெக்ஸெல் பல்கலைக்கழகத்தார் 2019-ஆம் ஆண்டில் கண்ட முடிவு யாதெனில், கட்டிடங்களில் சாதாரணமாக நடைபெறும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளைக் கொண்டு செய்விக்க, ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்பதாகும். சன்னலைத் திறப்பதற்குக் காசு இல்லை. ஆதலால் காற்றுக்காக என்று சொல்லிக் கேட்கும் அதிக விலையைக் கொடுக்க வேண்டுவதில்லை.

இதற்கு எதிரான பயம் ஒன்றும் கிராமங்களில் உண்டு. இரவில் செடிகள் கெட்ட காற்றை விடுவதால் தூங்குவோருக்கு மூச்சு முட்டும் என்பர். செடிகளும் இரவில் சுவாசிப்பது மெய். ஆனால் சில தொட்டிச் செடிகள் விடுவது, அருகே படுத்துறங்கும் ஓர் ஆள் விடுவதைவிட மிகக் குறைவு. மகத்தான நன்மையும் இல்லை, பயப்படத்தக்க தீமையும் இல்லை. பசுமையைப் பார்க்கும் சந்தோஷமே இதன் பயன். அது போதும் என்பவரே இதனை வைக்கத்தக்கவர்.

பொதுப்பணமும் ஐந்து தொட்டிச் சோதனையும்

சொந்த வீட்டில் செய்வது அவரவர் இஷ்டம். ஊரார் பணத்தில் செய்வது வேறு. ஊராட்சி அலுவலகத்தில் செடிச்சுவர் வைக்கத் தீர்மானம் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் படப்புத்தகத்தைக் காட்டுகின்றார். தலைவரும் அங்கத்தினரும் பலநிறச் செடிகளைச் சுட்டுகின்றனர். திறப்பு நாளன்று யாவரும் மகிழ்கின்றனர். பின்னர் சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை என்று அலுவலகம் பூட்டிக் கிடக்கும்பொழுது நீர் விடுவோர் யார்? விளக்கை ஏற்றுவோர் யார்? இறந்த செடிக்கு மாற்றுச்செடி எந்தக் கணக்கில்? இக்கேள்விகளுக்குத் தீர்மானத்தில் விடை இல்லையாயின், அத்தீர்மானம் நிறைவேறத்தக்கதன்று. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் பழுது பார்க்கப்படாத ஊரில், வாடிய செடிச்சுவர் ஒன்று அலுவலகத்தில் தொங்குமாயின், அது ஊராரின் கண்ணில் முள்ளாகவே இருக்கும்.

ஆதலால் எவ்விதச் செலவுக்கும் முன்னர் ஒரு சிறு சோதனை செய்தல் வேண்டும். புதிய விதையை ஊர் முழுவதும் விதைப்பதற்கு முன் ஒரு பாத்தியில் விதைத்துப் பார்ப்பது விவசாயியின் வழக்கமே அன்றோ? அதுபோல, ஒரே இனமாகவும் ஒரே வயதாகவும் உள்ள சிங்கோனியம் ஐந்து தொட்டிகளை வாங்கி, சுவர் வரவேண்டிய இடத்தின் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று, நடுவே ஒன்று என்று சித்திரை, வைகாசி இரண்டு மாதங்களுக்கு வைக்க வேண்டும். வைக்கும் நாளில் ஒவ்வொன்றின் கடைசி இலைக்காம்பிலும் நூல் ஒன்று கட்டிவிட வேண்டும். இரண்டு மாதங் கழித்து, நூலுக்கு மேலே எத்தனை இலை வந்துள்ளது, அவை முந்திய இலையைவிடப் பெரியவையா சிறியவையா, கணுக்களின் இடைவெளி நீண்டு செடி வெளுத்திருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இலை சிறுத்துக் கணு நீண்ட இடம் வெளிச்சம் போதாத இடம். ஐந்தும் செழித்தால் சுவர் வைக்கலாம். இரண்டு செழித்தால் அவ்விரண்டு இடங்களில் மாத்திரம் வைக்கலாம். ஐந்தும் நலிந்தால், அல்லது ஐந்து தொட்டிக்கே நீர் விட ஆள் இல்லையென்று கண்டால், நாற்பத்தைந்துக்கு ஆகும் பணம் மிச்சம். அப்பணத்தில் அலுவலகத்தின் வாயிலில் வேம்பும் புங்கமும் நட்டால், மனுக்கொடுக்க வந்து காத்து நிற்பவருக்கு நிழலாவது கிடைக்கும்.

விளைவிப்போருக்கு ஒரு வார்த்தை

செடிச்சுவரால் விவசாயிக்கு உண்மையான லாபம், அதனைத் தம் வீட்டில் வைப்பதைவிட அதற்குச் செடி வளர்த்துக் கொடுப்பதிலேதான் உள்ளது. ஆந்திர தேசத்தில் ராஜமகேந்திரபுரத்தை அடுத்த கடியம் என்னும் ஊரைச் சுற்றியுள்ள நாற்றங்கால்களிலிருந்து அழகுச்செடிகள் பல மாகாணங்களுக்கும் லாரிகளில் போகின்றன. நிழலும் நீரும் உள்ள தென்னந்தோப்புக்காரர் அரை ஏக்கராவிலும் இத்தொழிலைத் தொடங்கலாம். ஆனால் இரண்டு காரியங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது, வெளிச்சமான இடத்தில் வளர்த்த செடியை நேரே அறைக்குள் அனுப்பினால் இலையுதிரும். விற்பதற்குச் சில வாரங்கள் முன்னதாக அடர்ந்த நிழலுக்கு மாற்றி, உரத்தையும் குறைத்துப் பழக்கினால், போன இடத்தில் நிலைக்கும். இவ்வாறு பழக்கிய செடியைத் தருபவர் பெயர் நிற்கும். வாங்கினவர் மறுபடியும் தேடி வருவர். இரண்டாவது, தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கத்தில் காணப்பட்டது. பின்னர் பல ஜில்லாக்களுக்கும் பரவியது. அது தென்னையோடு நில்லாமல் வாழை முதலிய பயிர்களையும் அழகுச்செடிகள் பலவற்றையும் பற்றும். தோப்பின் அடியில் வளர்க்கும் செடிகளின் அடி இலைப்புறத்தில் வட்டமாகச் சுருண்ட வெண்ணிற முட்டை வரிகள் உண்டா என்று பாராமல் லாரியில் ஏற்றினால், விற்கும் ஒவ்வொரு தொட்டியோடும் அயலான் தோப்புக்குப் பீடையை அனுப்பியதாகும். மாவுப்பூச்சிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சுருங்கச் சொன்னால், வெளிச்சம் அறிந்து செடி, தாகம் அறிந்து வரிசை, ஆள் அறிந்து செலவு. இம்மூன்றையும் கைக்கொள்பவர் வீட்டில் செடிச்சுவர் வைத்தாலும் நஷ்டமில்லை. கைக்கொள்ள இயலாதென்று கண்டு வையாது விட்டாலும் நஷ்டமில்லை. ஆசையுள்ளோர் சித்திரை பிறக்குமுன் ஐந்து தொட்டிகளை ஆயத்தம் செய்துகொள்வார்களாக.